மஞ்சள் கண்டால் முதலில் தூரைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

பாபநாசம் வட்டாரத்தில் உதவி வேளாண் அலுவலராகச் சேர்ந்ததில் மிகுந்த சந்தோஷம். சம்பா தூர் கட்டும் நேரம் இது. தினமும் யாராவது நாலு மஞ்சள் இலையை உன் மேசையில் வைத்து, "என்ன மருந்து சார் அடிக்கலாம்?" என்பார். இலையை மட்டும் பார்த்துப் பதில் சொல்லிவிடாதே. வயலுக்குப் போய் ஒரு குத்தை வேரோடு பிடுங்கு.

தழைச்சத்துக் குறைந்தால் அடி இலைதான் முதலில் பழுக்கும். வயல் முழுக்க ஒரே சீராக வெளிறும். துத்தநாகக் குறைக்குத் துருப்புள்ளி உண்டு. துங்ரோ வைரஸ் நோயில் நுனியிலிருந்து ஆரஞ்சு இறங்கும், பயிர் குட்டையாகும், தூரும் குறையும்.

மஞ்சள் குட்டை நோயில் தூர் குறையாது, பெருகும். கையில் எடுத்தால் புல்கற்றை போல மெல்லிய தூர்கள் நெருங்கி நிற்கும். வெளிர் மஞ்சள் புது இலையில் தொடங்கியிருக்கும்; இலை துவண்டு மெத்தென்று இருக்கும். கதிர் வராது, வந்தாலும் பதர். புகையான் பரப்பும் புல் குட்டை நோயிலும் தூர் பெருகும். ஆனால் அங்கே இலை குறுகி விறைத்து நிற்கும். தடவிப் பார்த்தாலே தெரியும்.

மஞ்சள் குட்டை போன்ற நோய்களை வைரஸ் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1967இல் ஜப்பானில் தோய் குழுவினர் முசுக்கொட்டைக் குட்டை நோயில் செல்சுவர் இல்லாத மைக்கோபிளாஸ்மா போன்ற உயிரியைக் கண்டார்கள். இன்று அதற்கு பைட்டோபிளாஸ்மா என்று பெயர்; மஞ்சள் குட்டைக்கும் அதுதான் காரணம். மாசிப்பட்ட எள்ளில் பூவெல்லாம் பச்சை இலையாக மாறி நிற்பதும் இந்த இனத்தின் வேலைதான்.

நெல்லில் மஞ்சள் குட்டையைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. துங்ரோவைச் சுமப்பதும் அதுவே. துங்ரோவை உறிஞ்சிய பூச்சி உடனே அடுத்த பயிருக்குக் கடத்திவிடும். மஞ்சள் குட்டைக் கிருமியோ பூச்சிக்குள் மூன்று நாலு வாரம் வளர்ந்த பிறகுதான் பரவும். பயிருக்குள் போன பிறகும் அறிகுறி வெளியே வர ஒரு மாதமாகும், சில சமயம் மூன்று மாதம். நீ பார்க்கும் மஞ்சள் நாற்றங்காலிலேயே ஏறியதாக இருக்கலாம். அந்தக் குத்துக்கு எந்த மருந்தும் பலிக்காது என்று விவசாயியிடம் நேராகச் சொல். கடன் வாங்கி மருந்தடிக்கிறவர்களிடம் உண்மையைச் சொல்வதுதான் நம் உத்தியோகம்.

தாமதமாகத் தொற்றிய பயிர் அறுப்பு வரை அறிகுறி காட்டாமலே நிற்கும். அறுத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்பில்தான் வெளுத்துக்கொண்டு வரும். அதனால் அறுப்பு முடிந்த வயலையும் விடாதே. தாளை மடக்கி உழச் சொல்வது புத்தகத்தில் எளிது. நம்மூரில் அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்துவிடுகிறோம், உழ முடியாது. அங்கே உளுந்துக்கு நடுவே நிற்கும் மஞ்சள் மறுதாம்பைக் கையால் பிடுங்கிப் போடச் சொல். மறுதாம்பிலிருந்து நாற்றுக்கு நோய் ஏறாமலிருக்க, பம்புசெட் தண்ணீரில் முன்கூட்டிக் குறுவை நாற்று விடுகிறவர்களின் பக்கத்து வயல்களை முதலில் பார். வரப்புப் புல்லையும் விடாதே.

சந்தேகமான குத்து கிடைத்தால் ஈரச் சாக்கில் வேரோடு சுற்றி ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோ. விதைத்த தேதி, நட்ட தேதி, மஞ்சள் முதலில் கண்ட தேதி மூன்றையும் விவசாயியிடம் கேட்டுச் சீட்டில் எழுதிக் கூடவே வை.

அன்புடன்,
உன் அண்ணன்