நம்பிக்கையும் சட்டமும்: தத்துவபோதகரின் சேந்தமங்கலம் – சேலம் பயணத்தை (1623) முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராவது சமயச் சட்டத்தைக் கடைப்பிடிப்பதால் அன்று, நம்பிக்கையால் என்பது கலாத்தியருக்குப் பவுல் எழுதிய திருமுகத்தின் மையக்கருத்தாகும். இக்கருத்து தமிழ்ச் சூழலில் எவ்வாறு செயற்பட்டது என்பதை, தத்துவபோதகர் எனப்பெற்ற இராபர்ட் தெ நோபிலி 1623இல் சேலம், நாமக்கல் சமவெளியில் மேற்கொண்ட பணியைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அயல்வழக்கு என்னும் சட்டத்திலிருந்து கிடைத்த விடுதலை, சாதி என்னும் சட்டத்தை நீக்காமல் விட்டது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: விடுதலை, திருச்சட்டம், குலம், பந்தி, தத்துவபோதகர், சேந்தமங்கலம்.

முன்னுரை

யூதரல்லாதார் கிறித்தவராக வேண்டுமாயின் விருத்தசேதனமும் யூதச் சட்டமும் ஏற்க வேண்டுமா என்பதே தொடக்ககாலத் திருச்சபையின் பெரிய வினா. எருசலேமில் கூடிய திருத்தூதர்கள் விருத்தசேதனம் வேண்டியதில்லை என முடிவு செய்தனர். அந்தியோக்கியாவில் வேறொரு சிக்கல் எழுந்தது. யூதரல்லாதாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, யூதச் சட்டத்தில் பற்றுடையோர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்குநேர் எதிர்த்தார். இவ்விரு நிகழ்வுகளும் இரண்டு அளவைகளைத் தருகின்றன. நம்பிக்கை கொள்வதற்காக ஒருவர் பிறர் வழக்கைச் சுமக்க வேண்டியதில்லை என்பது முதலாவது. நம்பிக்கை கொண்டோர் ஒரே பந்தியில் அமர்தல் வேண்டும் என்பது இரண்டாவது. பழைய தமிழ் விவிலியம் 'நியாயப்பிரமாணம்' என்றும் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'திருச்சட்டம்' என்றும் குறிக்கும் சொல்லின் முழுப்பொருள் இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதே விளங்கும்.

பரங்கிக் குலம்

1606இல் நோபிலி மதுரைக்கு வந்தபோது, அங்குக் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் இயேசு சபைக் குரு ஏற்கெனவே பணிபுரிந்துவந்தார். அவரைச் சார்ந்தோர் போர்த்துக்கேயரும் கடற்கரையிலிருந்து வந்த பரதவருமே ஆவர். உள்ளூர் மக்கள் அவர்களைப் பரங்கியர் என்றனர்; கிறித்தவராதல் பரங்கிக் குலத்தில் புகுதல் என்றே கொள்ளப்பட்டது. ஆகவே, நம்பிக்கைக்கு முன் நின்ற தடை கோட்பாடு அன்று. உடை, உணவு, பெயர் ஆகியவற்றால் இயன்ற அயல்வழக்கே அது. கலாத்தியரிடம் விருத்தசேதனம் பெற்றிருந்த இடத்தை மதுரையில் இவ்வழக்கு பெற்றிருந்தது எனலாம்.

நோபிலி துறவிக்கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். குடுமி, பூணூல், சந்தனம் முதலியன குல அடையாளங்களும் அணிகளுமே அன்றி வழிபாட்டுச் செயல்கள் அல்ல என்று வடமொழி நூற்சான்றுகள் காட்டி 1613இல் இலத்தீனில் எழுதினார். 1619இல் கோவாவில் கூடிய அவையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623 ஜனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாத நிலையில் இவ்வழக்கங்களுக்கு இசைவளித்தார்.

சேந்தமங்கலமும் சேலமும்

அதே ஆண்டின் இடைப்பகுதியில் நோபிலி மதுரையை நீங்கித் திருச்சிராப்பள்ளி வழியாக வடக்கே வந்தார். இன்று நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலம் அப்போது மதுரை நாயக்கருக்கு உட்பட்ட சிற்றரசு. அதன் தலைவர் இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து நோபிலி சேலத்தை அடைந்தார். இராமச்சந்திர நாயக்கரின் தமையனாரும் ஆட்சியுரிமை இழந்தவருமாகிய திருமங்கல நாயக்கர் 1625இல் திருமுழுக்குப் பெற்றார். பரங்கியாவதே கிறித்தவராவதற்கு வழி என்றிருந்தால், உறவையும் மதிப்பையும் துறந்தாலன்றி ஒரு நாயக்கர் இம்முடிவுக்கு வந்திருத்தல் அரிது. அவரோ நாயக்கராகவே நம்பிக்கை கொண்டார். முதல் அளவையின்படி இது பவுல் உரைத்த விடுதலையே.

பந்தி என்னும் அளவை

இரண்டாம் அளவையால் நோக்குமிடத்து நிலைமை மாறுகிறது. நோபிலி பிராமணர் சமைத்த உணவையே உண்டார். பெர்னாண்டசின் கோவிலினின்றும் விலகித் தனிக்கோவில் அமைத்தார். ஒடுக்கப்பட்ட குலத்தாரும் அவர் காலத்திலேயே திருமுழுக்குப் பெற்றனர் என்பது உண்மை. ஆயினும் அவர்களுக்கான பணி தனிவழியிலேயே நடந்தது. 1640இல் பல்தசார் த கோஸ்தா பண்டாரசுவாமியாகப் பணியேற்றதும் இவ்வேறுபாடு ஓர் அமைப்பாகவே நிலைபெற்றது.

குடுமியும் பூணூலும் உலகியல் வழக்கு என்று நிறுவிய வாதமே சாதியையும் உலகியல் வழக்காக்கிற்று. உலகியல் என்றானபின் அதனைச் சமயம் தொட வேண்டியதில்லை என்றாயிற்று. திருத்தந்தையின் ஆணை இவ்விடரை உணர்ந்திருந்தது. உயர்குலத்தார் எளிய குலத்தாரை, சிறப்பாகத் திருக்கோவிலில், இகழலாகாது என அது வேண்டிக்கொண்டது. ஆனால், இசைவு ஆணையாகவும் சமத்துவம் வேண்டுகோளாகவும் அமைந்தன. 1704இல் தூர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையும், 1744இல் பதினான்காம் ஆசிர்வாதப்பர் வெளியிட்ட முடிவும் இச்சிக்கலை மீண்டும் எடுக்க நேர்ந்ததே அவ்வேண்டுகோள் போதாமற்போனதற்குச் சான்று.

பவுலும் திமொத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தாரே என்று நோபிலியின் சார்பில் வினவலாம். பிறரை அடைவதற்காக ஒருவர் தாம் ஒரு வழக்கை ஏற்பது வேறு. வழக்கின் பெயரால் உடன்நம்பிக்கையாளரைப் பந்தியிலிருந்து விலக்குவது வேறு. முன்னதைப் பவுல் செய்தார், பின்னதைக் கண்டித்தார். நோபிலியின் முறையில் இவ்விரண்டும் பிரிக்கப்படாமல் கலந்திருந்தன.

முடிவுரை

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிறித்தவரை 'வேதக்காரர்' என்றும் அவர்தம் கோவிலை 'வேதக்கோவில்' என்றும் வழங்குவதுண்டு. சத்திய வேதம் என்று தம் சமயத்தை அறிமுகப்படுத்திய நோபிலியின் மரபு இவ்வழக்கில் தொடர்கிறது. சட்டத்திலிருந்து விடுதலை பேசிய சமயம், நூலும் விதியும் ஒருங்கே குறிக்கும் 'வேதம்' என்ற சொல்லாலேயே இங்கு அறியப்பட்டது கருதத்தக்கது.

தமிழர் தமிழராகவே நம்பிக்கை கொள்ளலாம் என்பதைச் சேந்தமங்கலமும் சேலமும் மெய்ப்பித்தன. தமிழ்க் கிறித்தவத்தின் மொழியும் இலக்கியமும் இவ்விடுதலைக்குக் கடன்பட்டவை. எனினும், எருசலேம் வினாவுக்கு விடை கண்ட இப்பணி அந்தியோக்கியாவின் வினாவை எதிர்கொள்ளவில்லை. பண்பாட்டுமயமாக்கல் பற்றிய ஆய்வுகள் குடுமியையும் பூணூலையும் மட்டும் நோக்காது, யார் யாரோடு அமர்ந்து உண்டனர் என்பதையும் அளவையாகக் கொள்ளுதல் வேண்டும்.