லினக்ஸில் வினாம்ப்: பழைய பிளேயரை ஓடவைக்கும் வழி

1997-இல் வந்த பாட்டு பிளேயரான வினாம்ப், விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் அதை ஓட்ட ‘வைன்’ வேண்டும். வினாம்ப் விண்டோஸிடம் கேட்கும் வேலைகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருவதே வைனின் பணி. இதற்கு விண்டோஸ் உரிமம் தேவையில்லை.

முதலில் உங்கள் தேவை என்ன என்று முடிவு செய்யுங்கள். பழைய ஸ்கின்களின் தோற்றம் மட்டும் போதுமென்றால், லினக்ஸிலேயே ஓடும் ‘ஆடேஷியஸ்’ பிளேயரை நிறுவுங்கள். வினாம்பின் கிளாசிக் ஸ்கின்களை அது ஏற்கும். பாட்டுக்கேற்ப அசையும் மில்க்டிராப் காட்சிகளும் பழைய பிளக்-இன்களும் வேண்டுமென்றால் கீழே உள்ளபடி செய்யுங்கள்.

1. உபுண்டு, மின்ட் போன்றவற்றின் மென்பொருள் மேலாளரில் வைனைத் தேடி நிறுவுங்கள். வினாம்ப் 32-பிட் நிரல் என்பதால், வைனின் 32-பிட் ஆதரவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. வைன் அமைப்புச் சாளரத்தைத் திறங்கள். முதல்முறை திறக்கும்போது உங்கள் ஹோம் ஃபோல்டரில் ‘.wine’ என்ற மறைந்த ஃபோல்டர் உருவாகும். வினாம்பின் சி டிரைவ் அதற்குள்தான். ‘ஆடியோ’ பக்கத்தில் சோதனை ஒலியை அழுத்துங்கள். சத்தம் கேட்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

3. அதே சாளரத்தின் ‘டிரைவ்ஸ்’ பக்கத்தில், பாட்டு ஃபோல்டருக்கு எம் என்ற எழுத்தைக் கொடுங்கள். பாடல்களை சி டிரைவுக்குள் நகலெடுக்காதீர்கள். அவை வெளியே இருந்தால், வைன் ஃபோல்டரை எப்போது அழித்தாலும் பாட்டுக்குச் சேதமில்லை.

4. 2013-இல் வந்த 5.666 பதிப்பின் நிறுவல் கோப்பை வைனில் திறங்கள். நம்பகமான பிரதியாக இருக்கட்டும்: விண்டோஸ் வைரஸ் வைன் வழியாகவும் ஓடலாம், உங்கள் கோப்புகளையும் தொடலாம். நிறுவும்போது வேண்டாத கூடுதல்களின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

5. பாட்டு விட்டு விட்டுக் கேட்டால், கன்ட்ரோல்-பி அழுத்தி, பிளக்-இன்ஸில் ‘அவுட்புட்’ பகுதிக்குப் போங்கள். டைரக்ட்சவுண்டின் பஃபரைக் கூட்டுங்கள். சரியாகாவிட்டால் வேவ்அவுட்டுக்கு மாற்றுங்கள்.

6. மில்க்டிராப் திறக்காவிட்டால், வைனுக்கான துணைக் கருவியான ‘வைன்ட்ரிக்ஸ்’ மூலம் டைரக்ட்எக்ஸ் 9-இன் டி3டிஎக்ஸ்9 கோப்புகளைச் சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியானதும் வைன் ஃபோல்டரை அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பின்னால் ஏதாவது பிளக்-இன் கெடுத்துவிட்டால், அந்தப் பிரதியை அதே இடத்தில் திரும்ப வைத்தால் போதும். ஸ்கின், அமைப்புகளோடு வினாம்ப் பழையபடி பாடும்.