செல்லப்பிராணியுடன் கல்லூரி ஊரில் குடியேறுதல்: வாடகைக் கணக்கில் ஒரு பாடம்

பொறியியல் பட்டப்படிப்பு 4 ஆண்டுகளில் முடிந்துவிடும். மருத்துவப் பட்டப்படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். நாயின் வாழ்நாளோ பெரும்பாலும் 10 முதல் 13 ஆண்டுகள். வீட்டுக்குள் வளரும் பூனை 15 ஆண்டுகள்கூட வாழும். இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பாராமல் எடுக்கும் முடிவின் விளைவைக் கல்லூரி ஊர்களில் காண நேர்வதுண்டு. இறுதித் தேர்வு முடிந்து அறைகள் காலியானபின், கழுத்துப்பட்டையோடு பூட்டிய கதவின் முன் காத்திருக்கும் நாயைக் கடந்து போகாதவர் அவ்வூர்களில் குறைவு.

பெரும்பாலும் அந்த நாயை வளர்த்தவர் கல்நெஞ்சர் அல்லர்; கணக்குப் போடாதவர். கட்டுப்படியாகும் வாடகையில், பிராணியை ஏற்கும் வீட்டைப் பெறுவது நல்லூழைப் பொறுத்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது மூன்று செயல்களைப் பொறுத்தது: வாடகையை மட்டும் பாராமல் முழுச் செலவையும் கணக்கிடுதல், உரிமையாளரின் இசைவை எழுத்தில் பெறுதல், விடைபெறும் நாளுக்கான பணத்தை முதல் நாளிலேயே ஒதுக்குதல். கர்நாடகத்தின் மணிப்பாலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்மூன்றையும் இப்பாடத்தில் காண்போம். பெற்றோர், மாணவர் இருவரும் சேர்ந்து படிப்பது நன்று.

1. ஊரை அறிதல்

உடுப்பிக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், செம்புரைக்கல் மேட்டின்மீது அமைந்த ஊர் மணிப்பால். 1953இல் அங்குக் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபின் அது கல்வி நகரமாக வளர்ந்தது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் வருகின்றனர். கல்லூரி விடுதிகளில் நாய், பூனை வளர்க்க இடமிராது. ஆகவே பிராணியுடன் வாழ விரும்புவோர் வெளியே வீடு தேட வேண்டும்.

கல்லூரி வளாகத்தை ஒட்டிய ஈஸ்வர் நகர், வித்யாரத்ன நகர் போன்ற பகுதிகளில் அடுக்ககங்கள் மிகுதி. வகுப்புக்கு நடந்தே செல்லலாம். அந்த வசதிக்கான விலை வாடகையில் சேர்ந்திருக்கும். கிழக்கே பர்க்களா, மேற்கே உடுப்பிச் சாலையில் இந்திராளி, குஞ்சிபெட்டு எனச் சற்றுத் தள்ளிச் சென்றால், சுற்றுச்சுவரும் முற்றமும் உள்ள தனி வீடுகளைத் தேடலாம். நாய்க்கு ஏற்றது அத்தகைய வீடே. அங்கே மாடிப்படிச் சண்டையும் மின்தூக்கிச் சண்டையும் இல்லை.

மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். உடுப்பிப் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை. வேனிற்காலத்தில் அழகாகத் தோன்றும் திறந்த முற்றம் மழைக்காலத்தில் நான்கு மாதம் பயன்படாது. கூரையிட்ட திண்ணையோ தாழ்வாரமோ உள்ள வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேங்கிய நீரின்வழி எலிக்காய்ச்சல் பரவும் கடலோரப் பகுதி அது. நாய்க்கு அதற்கான தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

2. உரிமையாளர் ஏன் மறுக்கிறார்?

“நாய் இருந்தால் வீடு இல்லை” என்று சொல்லும் உரிமையாளருக்குப் பெரும்பாலும் மூன்று அச்சங்கள் உண்டு. கதவும் சுவரும் பாழாகும்; அண்டை வீட்டார் முறையிடுவர்; குடியிருப்பவர் விடுமுறைக்கு ஊர் சென்றால் பிராணியை யார் பார்ப்பது? இவற்றுள் எதுவும் நியாயமற்றது அன்று. ஆகவே வாதத்தால் அல்லாமல் சான்றுகளால் விடை சொல்வதே பயன் தரும்.

சட்டத்தின் நிலையையும் சரியாக அறிந்திருத்தல் வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மைத் தீர்மானத்தின் மூலமாகக்கூடச் செல்லப்பிராணிகளுக்குத் தடை விதிக்க இயலாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பிராணி வளர்ப்பதைத் தடை செய்யும் சங்க விதிகள் செல்லா என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. இவை சங்கங்களைப் பற்றியவை. தம் வீட்டை எந்த நிபந்தனையில் வாடகைக்கு விடுவது என்பதை உரிமையாளர் ஒப்பந்தத்தில் வரையறுக்கலாம். இந்த வேறுபாட்டை அறியாமல், சங்கத்தைப் பற்றிய விதியை உரிமையாளரிடம் காட்டி வாதிடுவோர் வீட்டையும் இழப்பர், அவருடைய நல்லெண்ணத்தையும் இழப்பர்.

அதைவிடப் பெரிய பிழை, பிராணியை மறைத்துக் குடியேறுதல். ஒப்பந்தத்தில் தடை இருந்து, பருவத் தேர்வின் நடுவே செய்தி வெளிப்பட்டால், வீட்டைக் காலி செய்யும் அறிவிப்பு வரும்; முன்பணத்தில் பிடித்தம் நேரும்; புதிய வீட்டுக்கு மீண்டும் ஒரு முன்பணம் வேண்டும். தெருவில் விடப்படும் நாய்கள் சில இந்த நெருக்கடியில்தான் விடப்படுகின்றன.

உரிமையாளரைக் காணச் செல்லும்போது ஒரு பக்க விவரத் தாளைக் கொண்டு செல்லலாம். பிராணியின் வகை, வயது, எடை, கருத்தடை செய்யப்பட்டதா என்பது, தடுப்பூசி அட்டையின் படி, விடுமுறையில் பார்த்துக்கொள்பவரின் பெயர், முன்னர் குடியிருந்த வீட்டு உரிமையாளரின் சான்று ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். ரேபீஸ் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்பட்டதைக் காட்டும் அட்டை, நூறு வாக்குறுதிகளுக்கு நிகரானது.

3. முழுச் செலவின் கணக்கு

ஒரு மாணவரிடம் ஒரு நாய் உள்ளது என்று கொள்வோம். கீழ்வரும் எண்கள் கணக்குப் பழகுவதற்காக எடுத்துக்கொண்டவை. தாங்கள் விசாரித்தறிந்த எண்களை அவ்விடங்களில் இட்டுக்கொள்ளவும்.

முதல் வழி: வளாகத்தை ஒட்டிய அடுக்ககத்தில் தனியே ஒரு படுக்கையறை வீடு. வாடகை 12,000 ரூபாய். பராமரிப்புக் கட்டணம் 1,500 ரூபாய். மொத்தம் 13,500 ரூபாய்.

இரண்டாம் வழி: 5 கிலோமீட்டர் தள்ளி, இருவர் பகிர்ந்துகொள்ளும் தனி வீடு. வாடகை 14,000 ரூபாயில் ஒருவர் பங்கு 7,000 ரூபாய். பேருந்து அல்லது எரிபொருள் செலவு 1,500 ரூபாய். மொத்தம் 8,500 ரூபாய்.

நாய்க்கான செலவு இரு வழிகளுக்கும் பொது. உணவுக்கு மாதம் 2,500 ரூபாய். தடுப்பூசி, மருந்து ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், அதாவது மாதம் 500 ரூபாய். விடுமுறையில் 45 நாள் பிறரிடம் விட்டுச் செல்ல, நாளொன்றுக்கு 400 ரூபாய் வீதம் 18,000 ரூபாய், அதாவது மாதம் 1,500 ரூபாய். ஆக 4,500 ரூபாய்.

முதல் வழியில் மாதச் செலவு 18,000 ரூபாய். இரண்டாம் வழியில் 13,000 ரூபாய். 11 மாதங்களில் வேறுபாடு 55,000 ரூபாய். இக்கணக்கில் பலரும் எழுத மறக்கும் வரி, விடுமுறைச் செலவு. நம் எடுத்துக்காட்டில் அது மருத்துவச் செலவைப்போல் மூன்று மடங்கு. பகிர்ந்து வாழும் நண்பர் வேறு நாள்களில் ஊருக்குச் செல்பவராயின் அச்செலவு பெரிதும் குறையும். எனவே உடன் தங்குபவரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பேசி முடிப்பது நலம்.

முன்பணத்தையும் காண்போம். இரண்டாம் வழியில் 4 மாத வாடகை கேட்கப்பட்டால் 56,000 ரூபாய். ஒருவர் பங்கு 28,000 ரூபாய். நாயின் பொருட்டுக் கூடுதலாக 7,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டால் 35,000 ரூபாய். இத்தொகை உரிமையாளரிடம் வட்டியின்றி இருக்கும். குடியிருப்புக்கான முன்பணம் 2 மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம் கூறுகிறது. ஆனால் மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கிய இடங்களில்தான் அது செல்லும். பிற இடங்களில் அதைப் பேச்சுவார்த்தைக்கு ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

4. எழுத்தில் இருக்க வேண்டியவை

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தல் கட்டாயம். அதனால்தான் 11 மாத ஒப்பந்தம் வழக்கமாயிற்று. ஒவ்வொரு 11 மாதமும் ஒப்பந்தம் புதிதாகிறது. அப்போது பிராணி பற்றிய வரி விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் இவை தெளிவாக இடம்பெறட்டும்:

• “ஒரு நாய் வளர்க்க உரிமையாளர் இசைகிறார்” என்ற நேரடியான வாக்கியமும் அந்த நாயின் அடையாளமும்.

• பிராணிக்கான கூடுதல் முன்பணம் தனித் தொகையாகக் குறிக்கப்படுதலும், திருப்பித் தரும் காலக்கெடுவும்.

• சேதம் எது, இயல்பான தேய்மானம் எது என்ற வரையறை. கதவில் நகக் கீறல், கிழிந்த கொசுவலை, தரைக் கறை ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுதுக.

• வெள்ளையடிப்புக்கான பிடித்தம். கர்நாடகத்தில் பல இடங்களில் வீட்டைக் காலி செய்யும்போது இதற்காக ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதே சுவருக்கு நாயின் பெயரால் மறுமுறை பிடிக்கலாகாது என்பதையும் சேர்த்து எழுதுக.

• அண்டை வீட்டார் முறையிட்டால் குறையைத் திருத்திக்கொள்ள 15 நாள் அவகாசம்.

சாவி பெறும் நாளிலேயே ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, உரிமையாளருக்கும் அனுப்பிவிட வேண்டும். முன்பணத்தையும் வாடகையையும் ரொக்கமாகத் தராமல் வங்கிக் கணக்கின் வழியே செலுத்துக. நிலையாணை கொடுத்துவைத்தால் வாடகை தவறாது சென்று சேரும்; காலம் தவறாத வாடகையே அடுத்த ஒப்பந்தத்தின்போது தங்களுக்காகப் பேசும்.

5. பணத்தைத் திரட்டும் வழி

சிறு தொகைகளைச் சேர்க்கும் பழக்கத்திற்கு மணிப்பாலுக்கே ஒரு வரலாறு உண்டு. 1925இல் உடுப்பியில் தோன்றி, பின்னாளில் மணிப்பாலைத் தலைமையிடமாகக் கொண்ட சிண்டிகேட் வங்கி, 1928இல் பிக்மி வைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நாளுக்கு இரண்டணாகூட வீட்டு வாசலுக்கே வந்து பெற்றுச் சேமிக்கப்பட்டது. இன்று அதே வேலையைத் தொடர் வைப்புக் கணக்கு செய்கிறது. மேற்கண்ட 35,000 ரூபாய் முன்பணத்தை, மாதம் 3,500 ரூபாய் வீதம் 10 மாதங்களில், வட்டியை எண்ணாமலே சேர்த்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் கணக்கைத் தொடங்கும் பெற்றோர், சேர்க்கைக் காலத்தில் கைமாற்றுக் கடன் தேட வேண்டியதில்லை.

கல்விக் கடன் பெறுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். விடுதிக்கு வெளியே தங்குவோரின் நியாயமான உறைவிட, உணவுச் செலவுகளைப் பல வங்கிகளின் கடன் திட்டங்கள் ஏற்கின்றன. கடன் விண்ணப்பத்தின்போதே அதைக் கிளையில் கேட்டறிய வேண்டும். பிராணிக்கான செலவு அதில் சேராது. அச்செலவு குடும்பத்தின் வருவாயிலிருந்தோ சேமிப்பிலிருந்தோதான் வர வேண்டும். அதற்கு இடமில்லையெனில், பிராணியைப் பெற்றோரின் வீட்டிலேயே விட்டுச் செல்வதுதான் அதற்குச் செய்யும் நன்மை.

6. விடைபெறும் நாள்

படிப்பு முடியும் நாள் முன்னரே தெரிந்த நாள். அதற்கான செலவும் அவ்வாறே. இந்திய இரயில்வேயில் பயணியர் தம் நாயை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமாயின், முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் இரு படுக்கை அல்லது நான்கு படுக்கை அறையை முழுமையாகப் பெற வேண்டும். இல்லையேல் நாயைக் காவலர் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அனுப்ப வேண்டும். வாடகை வண்டியில் செல்வதாயின் அதற்கும் ஒரு தொகை வேண்டும். இச்செலவுக்கென முதலாண்டிலேயே ஒரு சிறு வைப்பைத் தொடங்கி, அதைத் தொடாமல் வைத்திருங்கள்.

வளர்த்த பிராணியைக் கைவிடுவது மனத்தை உறுத்துவதோடு முடிவதில்லை. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் தக்க காரணமின்றி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

வீடு பார்க்கும் முன் எழுதி விடை காண வேண்டிய வினாக்கள்

1. வாடகை, போக்குவரத்து, பிராணிச் செலவு ஆகியவற்றைச் சேர்த்த மாதத் தொகை எவ்வளவு? அதை 11 மாதமும் தர இயலுமா?

2. முன்பணம் எங்கிருந்து வருகிறது? அது திரும்பி வரத் தாமதமானால் அடுத்த வீட்டுக்கு வழி என்ன?

3. நீண்ட விடுமுறையில் பிராணியைப் பார்த்துக்கொள்பவர் யார்? அவரிடம் கேட்டாயிற்றா?

4. உரிமையாளரின் இசைவு எந்தப் பக்கத்தில், எந்த வரியில் எழுதப்பட்டுள்ளது?

5. படிப்பு முடிந்த மறுநாள் இப்பிராணி எந்த வீட்டில் உறங்கும்?

ஐந்தாம் வினாவுக்கு விடை எழுத முடிந்தவர்கள் மற்ற நான்கிற்கும் வழி கண்டுவிடுவார்கள். அதற்கு விடை கிடைக்காதவர்கள் நாய்க்குட்டியை இப்போது வாங்க வேண்டாம். முதலில் படிப்பை முடிக்கட்டும்.