சொந்தக் கூரை

ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த ஊர் வண்டன்மேடு. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் பலவும் 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கின்றன. தோட்டத்தில் தங்கும் தொழிலாளர்க்கு வீடு தருதல் உரிமையாளரின் கடமை என 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஆயினும் லயம் வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும்.

எனவே ஏழைகளுக்குச் சொந்த வீடு தேவையாயிற்று. கேரள அரசு 1972இல் 'லட்சம் வீடு' திட்டத்தைத் தொடங்கியது. 2016இல் 'லைஃப்' திட்டத்தை அறிவித்தது. அது மூன்று கட்டங்களை உடையது. முதலில், பாதியில் நின்ற வீடுகளை முடித்தல்; அடுத்து, நிலமுடையோர்க்கு வீடு கட்ட நிதி வழங்குதல்; இறுதியாக, நிலமும் வீடும் இல்லாதோர்க்குக் குடியிருப்பு அமைத்தல்.

லயத்தில் வாழ்வோருள் நிலமற்றோர் மூன்றாம் கட்டத்தினர். பணம் மட்டும் வீடாகாது. அதனை எழுப்ப ஒரு துண்டு மண் வேண்டும். தலைமுறைகளாகப் பிறர் நிலத்தில் உழைத்தோர்க்கு அந்த மண்ணே முதல் தேவை.

பயிற்சி

1. லயத்திற்கும் சொந்த வீட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 'லைஃப்' திட்டத்தின் மூன்று கட்டங்களை எழுதுக.
3. உம் வீட்டுப் பெரியோரிடம் அவர்கள் வாழ்ந்த வீடுகளைப் பற்றிக் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.