உப்புக்காற்றும் மின்கட்டணமும்

கேள்வி: உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்தில் உள்ள பழைய வணிகக் கட்டடத்தில் மின்செலவைக் குறைக்க முதலில் எதை மாற்றுவது?

பதில்: கூரையிலிருந்து தொடங்குவதே முறை. மொட்டை மாடியில் குளிர்கூரைப் பூச்சு, அதாவது வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சு, பூசப்பட்டால் அறைக்குள் இறங்கும் வெப்பமே குறைந்து, பின்னர் வாங்கும் ஏசி சிறியதாக இருந்தாலும் போதுமானதாகிவிடும். அடுத்தது விசிறி: பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கையில், பிஎல்டிசி எனும் நேர்மின்னோட்ட மோட்டார் விசிறி 30 வாட் அளவிலேயே சுழல்கிறது. ஏசிக்கோ நட்சத்திரக் குறியீடு மட்டும் போதாது. உப்பளக் காற்றில் வெளிப்பெட்டியின் செப்புக் குழாயைத் தொட்டிருக்கும் அலுமினியத் தகடுகள் வெண்பொடியாக உதிர, ஐந்து நட்சத்திரக் கருவியும் மின்சாரத்தை விழுங்கத் தொடங்குவதால், அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள தகடுகளைக் கேட்டு வாங்குவதும், அவற்றை நன்னீரால் அடிக்கடி கழுவுவதும் அவசியம். உள்கம்பி துருவேறி விரிசல் விட்ட கூரையாயின், குளிர்கூரைப் பூச்சுக்கு முன் பழுதுபார்ப்பே முதற்செலவு.