படியால் அளக்கும் வாயு

பயற்றைப் படியால் அளப்பதை நாம் அறிவோம். படி நிரம்புகிறது, கொட்டப்படுகிறது, எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வாயுவையும் இப்படி அளக்க இயலுமா? இயலும், தோழியரே!

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், நம் அண்டை மாவட்டங்களான இராமநாதபுரத்தையும் தூத்துக்குடியையும் இணைக்கும் 143 கிலோமீட்டர் நீளமுள்ள இயற்கை எரிவாயுக் குழாய் தொடங்கி வைக்கப்பட்டது. சிலிண்டர் வாயுவை எடை போடலாம். குழாயில் வரும் வாயுவையோ ஓடும்போதே அளக்க வேண்டும். ஆலைகளிலும் பெரிய உணவு விடுதிகளிலும் இதற்கெனச் சுழல் மீட்டர் பொருத்துவது உண்டு.

அதன் கூட்டுக்குள் 8 என்ற எண்ணின் வடிவில் இரண்டு சுழலிகள் உள்ளன. ஒன்று நின்றால் மற்றொன்று படுத்திருக்கும். பற்சக்கரங்கள் அவற்றை ஒழுங்காகச் சுழலச் செய்வதால் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. வாயுவின் அழுத்தமே அவற்றைச் சுழற்றுகிறது. சுழலிக்கும் சுவருக்கும் இடையே பிறை வடிவ அறையில் வாயு சிக்கி, மறுபுறம் வெளியேறுகிறது. அந்த அறையே இங்கு படி! ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு படி. சுற்றுகளை எண்ணினால் கன அளவு கிடைத்துவிடும். தூசி புகுந்தால் சுழலி சிக்கிக்கொள்ளும். ஆகவே முன்னால் வடிகட்டி வைப்பார்கள்.

ஆனால் வாயு பயறு அன்று. வெப்பத்தில் விரியும், அழுத்தத்தில் சுருங்கும். நம் ஊர் வெயிலில், 40 டிகிரியில், இயல்பான காற்றழுத்தத்தில் மீட்டர் 100 கன மீட்டர் காட்டினால், 15 டிகிரி கணக்கில் அது எவ்வளவு? வகுப்பில் நாங்கள் 100-ஐ 15-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்து, 37.5 என்று பெருமையோடு எழுதினோம். தவறு! இரண்டு வெப்பநிலைகளோடும் 273-ஐக் கூட்ட வேண்டும். 100 × 288 ÷ 313 = 92. அதே வாயு மும்மடங்கு அழுத்தத்தில் வந்திருந்தால், பாயில் விதிப்படி 92 × 3 = 276 கன மீட்டர்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. திருத்தம் செய்யாத கணக்கே பொய் சொல்லும். 92-க்கு 100 என்று விலை கேட்டால் வாங்குபவருக்கு நட்டம். 276-க்கு 100 என்று எழுதினால் விற்பவருக்கு நட்டம். படி நேராக இருந்தால் மட்டும் போதாது, அளப்பவர் கணக்கும் நேராக இருக்க வேண்டும். இதை அந்த 37.5 எங்களுக்குக் கற்பித்தது.