தோட்டத்து மீன் குளத்திற்கு அடித்தூம்பு

தோட்டத்தில் சிறு குளம் வெட்டிக் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டை மீன்களை வளர்க்கும் விவசாயிகள், நீர் கெட்டுவிட்டதென்று கண்டவுடன் புதுநீரைப் பாய்ச்சி, மிகுதியை மேல்மட்டத்தில் வழியவிடுவது வழக்கம். இதனால் பயன் சிறிதே. மீன் தின்னாது விட்ட தீவனம், இட்ட சாணம், மீன்களின் கழிவு ஆகியவை அடியிலேயே தங்குகின்றன. அவை அழுகும்போது நீரிற் கலந்துள்ள பிராணவாயு செலவாகிறது. அம்மோனியாவும் அழுகிய முட்டை நாற்றமுடைய வாயுவும் உண்டாகின்றன. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறுவது இதன் அறிகுறியாகலாம். மேல்நீரை வழியவிட்டால், மீனுக்கு உணவாகும் நுண்ணுயிர்கள் நிறைந்த நல்ல நீர் போய்விடும். கசடோ கிடந்தபடி கிடக்கும். ஆகவே, நீர் அடியிலிருந்து வெளியேற வழி செய்தல் வேண்டும்.

இது நமக்குப் புதிய கருத்தன்று. நம் முன்னோர் ஏரிகளில் அமைத்த குமிழித் தூம்பில், நீர் செல்ல நீரோடித் துளையும், அதற்குக் கீழே வண்டல் செல்லச் சேறோடித் துளையும் வைத்தனர்.

எது பொருந்தும்?

முதலில் நிலமட்டத்தைப் பார்க்க வேண்டும். குளத்தின் அடியைவிடத் தாழ்ந்த நிலம் வெளியே இருந்தால்தான் அடித்தூம்பினால் குளத்தை முற்றும் வடிக்க இயலும். அத்தகைய நிலம் இல்லையேல், குளத்தின் ஒரு மூலையில் குழி அமைத்து மோட்டாரால் இறைப்பதே தக்கது. தூம்புக்குச் செலவிடுவது வீண்.

தாழ்ந்த நிலம் உள்ளவர்களுக்கு எளியது முழங்கைக் குழாய். கரைக்கு அடியில் பி.வி.சி. குழாயைப் பதித்து, வெளிமுனையில் முழங்கை இணைப்பும், அதன்மேல் நிமிர்ந்த குழாயும் பொருத்த வேண்டும். நிமிர்ந்த குழாயின் உயரமே குளத்தின் நீர்மட்டம். மழைநீர் மிகுந்தால் அடிநீரே தானாக வெளியேறும். குழாயைச் சாய்த்தால் குளம் வடியும். பெரிய குளங்களுக்குப் பலகை அடைப்புள்ள சிறு மதகு ஏற்றது. 6 அங்குலக் குழாய் 4 அங்குலக் குழாயைப்போல் இரு மடங்குக்கு மேல் நீரைக் கடத்தும். 10 சென்ட் பரப்பில் 4 அடி ஆழமுள்ள குளம் ஏறக்குறைய 5 லட்சம் லிட்டர் கொள்ளும். இதை வெயில் ஏறுமுன் வடித்து மீன் பிடிக்க விரும்புவோர் பெரிய குழாயையே கொள்க.

அமைக்கும் முறை

தூம்பு தன் வாயருகிலுள்ள கசடையே இழுக்கும். ஆதலின் குளத்தின் அடி, 100 அடிக்கு அரை அடி முதல் 1 அடி வரை தூம்பை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். குழாயை ஒட்டி நீர் கசிந்து கரை உடைவதே பெரிய ஆபத்து. குழாயைச் சுற்றி இரண்டொரு இடங்களில் சிமென்ட் கான்கிரீட் பட்டை கட்டி, களிமண்ணை ஈரமாக அடுக்கடுக்காக இட்டுத் திமிசு கொண்டு இறுக்குதல் வேண்டும். கரை கட்டும்போதே இதைச் செய்க. பின்னர்த் தோண்டிப் புதைப்பது உறுதியாகாது. குழாய்வாயில் மீன் குஞ்சு நுழையாத வலை கட்டி, அடிக்கடி துப்புரவு செய்க.

பயன்படுத்தும் முறை

வாரம் ஓரிரு முறை தூம்பை முழுதும் திறக்க வேண்டும். அரைகுறையாகத் திறந்தால் கசடு நகராது. கலங்கல் நீர் வடிந்து தெளிநீர் தோன்றியதும் மூடிவிடுக. கோடையில் நீரை வீணாக்காமலிருக்க இதுவே வழி. அறுவடைக்குப் பின் குளத்தை முற்றும் வடித்து, அடிமண் வெடிக்கும்வரை காயவிட்டு, சென்டுக்குச் சுமார் 1 கிலோ சுண்ணாம்பு தூவுக. புளிப்பு மண்ணுக்கு மண் பரிசோதனைப்படி கூடுதலாக இடலாம்.

தூம்பு நீர் பயிருக்கு நல்ல உரம். தென்னைக்கும் வாழைக்கும் காய்கறிப் பாத்திக்கும் அதைப் பாய்ச்சுக. ஆயின் அது ஊருணியிலோ, குடிநீர்க் கிணற்றருகிலோ, அயலார் வயலிலோ சேருமாயின் ஊரில் நோயும் வழக்குமே விளையும். ஆகவே, குளம் வெட்டுமுன் வடிநீர் செல்லும் வழியை நேரிற் சென்று பார்த்து, அடுத்த நிலத்தாரையும் அழைத்துப் பேசி முடிவு செய்வது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும்.